நத்தை தேடிய வாரம்

அத்தை ஒரு காலில் மாவுக்கட்டும் இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலுமாக வந்து சேர்ந்தபோது, அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருந்தார்கள்.

"தம்பி, இது என்னடா?" என்றாள் வாசலிலேயே நின்று.

அப்பா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில் மும்முரமாக இருந்தார். தன் அக்காவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னவர், இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். ஜன்னல் பக்கத்து மேசையில் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஈர மண், கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டி, அதன் மேல் ஒரு ஆளின் கைமுஷ்டி அளவுக்கு இரண்டு நத்தைகள். பழுப்பு ஓட்டில் கறுப்புத் தீற்றல்கள். ஒன்று வெள்ளரிக்காய்த் துண்டின் மேல் படுத்திருந்தது. இன்னொன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடிவயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

"வளர்க்கிற நத்தை அத்தை. இதுக்கு மேலயும் பெருசாகும்" என்றாள் பெரியவள். பத்து வயதுதான். ஆனால் எதையும் விளக்காமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். "இதுக்குப் பல்லு ஆயிரக்கணக்குல இருக்கு. நாக்குலேயே இருக்கு."

அத்தைக்குத் தொழிலே பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் வார்த்து, பொய்ப்பல் கட்டிக் கொடுப்பாள். இருபது வருஷமாக அதே வேலை.

"அப்ப இதுங்க என்கிட்ட வராது. வேற இடத்துல வைங்க."

வேறு இடம் இல்லை. ஹாலில் மத்தியான வெயில் நேராக அடிக்கும். சமையலறைப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா அம்மா அறையில் அலமாரி போக, நடக்கவே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஆக நத்தைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிள்ளைகள் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

நத்தைகளுக்குப் பெயர் வைத்தது ஆறு வயதுச் சின்னவள். அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். நத்தைக்கு எதுகையாக முதல் நத்தைக்கு மெத்தை என்று வைத்தாள். மெத்தை இருந்தால் தலகாணி இல்லாமல் எப்படி? இரண்டாவது தலகாணி ஆனது. இப்போது வீட்டுக்குள் ஒரு அத்தையும் வந்து சேர்ந்ததில் பொடிசுக்குத் தலைகால் புரியவில்லை. 'அத்தை, நத்தை, மெத்தை' என்று அன்று முழுக்க அறைக்கும் ஹாலுக்குமாகப் பாடிக்கொண்டே ஓடினாள்.

"என்னையும் அந்த வரிசையில சேர்த்துட்டியா?" என்றாள் அத்தை, கட்டிலில் காலை நீட்டியபடி.

"நீங்கதான் முதல்ல இருக்கீங்க!" என்று சமாதானம் சொன்னாள் பொடிசு.

பிள்ளைகள் கேட்டதென்னவோ நாய்தான். வீட்டுச் சொந்தக்காரர் நாய் பூனை கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும், முடி உள்ள எது பக்கத்தில் வந்தாலும் பொடிசுக்கு மூச்சு இழுக்கும். அப்பா பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். அங்கே கூட வேலை செய்பவர் வீட்டில் நத்தைகள் பெருகிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒருநாள் தன் சாப்பாட்டு டப்பாவிலேயே இரண்டைக் கொண்டுவந்துவிட்டார். மிச்சச் சோறு இருக்கும் என்று நினைத்து டப்பாவைத் திறந்தது அம்மா. அந்த அலறல் கேட்டு மேல்மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. அந்த டப்பாவை அதன் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வருகிறவர்களுக்கு நரம்பு பார்த்து ரத்தம் எடுப்பாள். கை கழுவுவதில் அவளுக்கு இருந்த கண்டிப்பு நத்தைகள் வந்த பிறகு இரட்டிப்பானது. தொட்டியைத் தொட்டால் சோப்பு, மண்ணைத் தொட்டால் சோப்பு, பார்த்தாலே சோப்பு என்கிற நிலை. தீனி போடுவது பிள்ளைகள் வேலை என்று பேசி வைத்திருந்தாலும், கண்ணாடியில் காய்ந்த கோழையைத் துடைப்பதும் மண் மாற்றுவதும் எப்படியோ அவள் தலையில் வந்து விழுந்திருந்தன.

அத்தைக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, பேச்சுக்குத்தான் குறைச்சல். கல்யாணமான புதிதில் அம்மாவின் பெற்றோர் எதிரிலேயே 'உப்பு ஒரு பிடி குறைச்சல்' என்று அத்தை சொன்னது ஒரு காரணம். அன்றிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் அம்மா உப்பு ஜாடியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவாள். அத்தையும் அதைத் தொடமாட்டாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அம்மாவுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அப்பா டிப்போவில். அத்தை கட்டிலில் உட்கார்ந்து, சாப்பிடவும் முடியாமல் சாப்பிடாமல் இருக்கவும் முடியாமல் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே அம்மா ஈரத்துணியால் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போனா ரத்தம். வீட்டுக்கு வந்தா கோழை" என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

அத்தைக்குப் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இருவரும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா அது முதுகுக்குப் பின்னால ஊருது. அந்தப் பக்கம் திரும்பினா மூஞ்சிக்கு நேரா ஊருது" என்றாள் அத்தை.

"அது உங்களுக்கு ரெண்டு மாசம் அண்ணி. எனக்கு ஆயுசுக்கும். நல்லா பார்த்துக்கிட்டா வருஷக்கணக்குல இருக்குமாம். டீச்சரம்மா சொல்றா."

கொடுத்துவிடலாம் என்ற வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதில் பிற்பாடு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் முடிதிருத்துபவரைப் பற்றிச் சொன்னது அம்மாதான். லேபுக்குப் பக்கத்துக் கடை அவருடையது. முடி வெட்ட வரும் சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் உட்காராமல் ரகளை பண்ணுகிறார்கள், வேடிக்கை காட்ட ஏதாவது வைத்தால் தேவலை என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். அம்மா அவருக்குத் தொலைபேசியில் சொன்னதும், கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு பைக்கிலேயே வந்துவிட்டார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை இடுக்கிக்கொண்டு நத்தைகளோடு கிளம்பும்போது, "ரொம்ப பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார்.

அவர் போன பிறகுதான் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது.

"மூடி சரியா மூடல, வெளிய போயிடுச்சுன்னு சொல்லிடலாம். நத்தைதானே. ரெண்டு நாள் அழுவாங்க, மறந்துடுவாங்க" என்றாள் அத்தை.

அம்மா தொட்டியின் கம்பிவலை மூடியில் இருந்த கொக்கியை எடுத்துவிட்டு, மூடியைச் சற்றுக் கோணலாக வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கோணலாக்கினாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். அழுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அம்மா பால் கலந்து, பிஸ்கட்டும் எடுத்து வைத்திருந்தாள். யாரும் அழவில்லை.

"வெளிய போயிடுச்சா?" டீச்சர் புத்தகப் பையை இறக்கி வைத்தாள். "பரவாயில்லம்மா. நத்தைதானே, எவ்வளவு தூரம் போயிருக்கும்? வீட்டுலதான் இருக்கும்."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். நாயோ பூனையோ என்றால் இந்நேரம் ஊர் தாண்டியிருக்கும் என்று சொல்லலாம். நத்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்பது இருவருக்குமே தோன்றாமல் போய்விட்டது.

அப்படித் தொடங்கியது தேடல். டீச்சர் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் அடித்தாள். நத்தை போன வழியில் கோழை காய்ந்து மினுமினுக்குமாம்.

"தடமே காணோமே. தடம் இல்லாம எப்படிப் போகும்?"

"காலையில தரை துடைச்சேனே" என்றாள் அம்மா.

"அப்ப துடைக்கும்போது நீ பார்த்திருப்பியே?"

அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். அத்தை ஊன்றுகோலால் திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். இல்லாத ஒன்றைத் தேடுவது எவ்வளவு களைப்பான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால் அவர் வாயில் ரகசியம் தங்காது. அவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூட மாற்றாமல் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்பக்கத்தைக் கழற்றினார். ஈரமான இடம் தேடித்தான் போயிருக்கும் என்பது அவர் கணக்கு. உள்ளேயிருந்து காணாமல்போன காலுறைகளும் ஒரு சீப்பும் கிடைத்தன. "இந்தச் சீப்புக்காக என்னை எத்தனை நாள் திட்டினே!" என்று அம்மாவிடம் சந்தோஷமாகக் காட்டினார். அம்மாவால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் மாடிப்படியின் கீழ்ச் சுவரில் டீச்சர் ஒரு தாள் ஒட்டினாள். 'காணவில்லை' என்று கொட்டை எழுத்தில். கீழே 'மெத்தை, தலகாணி. பார்த்தவர்கள் இரண்டாம் மாடியில் தெரிவிக்கவும்.' படம் வரைய நினைத்தவள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் சாயங்காலம் வரைந்துகொள்ளலாம் என்று போய்விட்டாள்.

அதற்குள் கீழ்வீட்டுச் செடிக்காரம்மா படியேறி வந்துவிட்டாள். வாசல் முழுக்கத் தொட்டிகள் வைத்துச் செடி வளர்ப்பவள்.

"மொட்டை மாடியில காயப் போட்டிருந்தீங்களா? அடிச்ச காத்துக்குத் தலகாணி பறக்கும், சரி. மெத்தை எப்படிங்க பறக்கும்?"

மெத்தையும் தலகாணியும் நத்தைகள் என்று அம்மா சொன்னதும் செடிக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, என் செடி!" என்றபடி இறங்கி ஓடினாள். அன்று மாலையிலிருந்து அவளும் டார்ச்சோடு தேடுகிறவர்களில் ஒருத்தி ஆனாள். மேல்மாடி வக்கீல், தன் கார் சக்கரத்தில் அகப்பட்டுவிடக் கூடாதே என்று தினமும் வண்டியை எடுக்கும் முன் குனிந்து பார்த்தார். ஒருநாள் ஒரு டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்து, "இதுவா பாருங்க" என்று பெருமிதத்தோடு நீட்டினார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தோட்டத்து நத்தை.

பொடிசு எட்டிப் பார்த்தாள். "இது இல்ல மாமா. ஆனா இதையும் யாராவது தேடிட்டு இருப்பாங்க. எங்க எடுத்தீங்களோ அங்கயே விட்டுடுங்க."

வக்கீல் மறுபேச்சில்லாமல் டம்ளரோடு கீழே போனார்.

இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்ற அத்தையின் கணக்கு பொய்த்துப்போனது. அந்தக் கட்டடத்தில் இதுவரை ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது வெள்ளரிக்காய்த் துண்டும் கையுமாகப் படிக்கட்டில் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். அம்மா வேலைக்குப் போகும்போது நாலு பேர், "கிடைச்சுதாம்மா?" என்று கேட்டார்கள். லேபில் நரம்பு தேடும்போதுகூட, "எங்கே போயிருக்கும்?" என்ற குரல் அவள் காதில் கேட்டது.

வாரக் கடைசிக்குள் பொடிசுக்கு லேசாக மூச்சு இழுத்தது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அத்தையோடு வீட்டில் இருந்தாள். மத்தியானம் கண்ணயர்ந்த அத்தை, டக், டக் என்று ஏதோ சத்தம் கேட்டு விழித்துக்கொண்டாள். பொடிசு நாற்காலியில் ஏறி நின்று, காலித் தொட்டியின் மூடியை மூடிக் கொக்கியை மாட்டினாள். எடுத்தாள். மறுபடி மாட்டினாள்.

"என்னடி கண்ணு பண்றே?"

"மூடிப் பார்க்கிறேன் அத்தை. மூடினா இந்தச் சத்தம் வரணும். அன்னைக்குக் காலையில நான்தான் தீனி போட்டேன். சத்தம் வந்துச்சுன்னுதான் நினைச்சேன்."

அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா திட்டல" என்றாள் பொடிசு. "கடைசியா யார் மூடினதுன்னு மட்டும் கேட்டா. நான்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் கேட்கல." மறுபடி ஒரு டக். "அப்பா புதுசா ரெண்டு வாங்கித் தர்றேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். நான் மறந்துடுவேன். அதுங்களும் எங்கயாவது போய் மிதிபட்டுச் செத்துப்போயிடும்."

சொல்லிவிட்டு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலக் குளியலறைக்குப் போய் கை கழுவினாள். குழாயைத் திருகி மூடினாள். திரும்பி வந்தவள், பாதியில் நின்று, மறுபடி போய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அத்தை படுக்கவில்லை.

அன்று அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் கீழே செடிக்காரம்மாவோடு இருந்தார்கள்.

"இங்க பாரும்மா, இது இதோட போதும். அந்தச் சின்னது தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு."

"தெரியும் அண்ணி." அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நேத்து ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, சாத்தின கதவை ரெண்டு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தா. நான் பார்த்துட்டு சும்மா நின்னேன். இப்ப சொன்னா என்னை என்ன நினைப்பாங்கன்னுதான் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன்."

"பொய் சொல்லச் சொன்னது நான்தானே. நானே சொல்லிடுறேன். என்னை ரெண்டு மாசம் வெறுத்துட்டுப் போகட்டும், நான் ஊருக்குப் போயிடுவேன்."

"வேண்டாம் அண்ணி. நான் சொல்றேன். நீங்க கூட உட்காருங்க, போதும்."

அப்பாவும் வந்த பிறகு எல்லோரையும் உட்கார வைத்து அம்மா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நத்தை எங்கும் போகவில்லை, நாங்கள்தான் கொடுத்துவிட்டோம், மூடியைத் திறந்து வைத்தது நான், இத்தனை நாளும் சொன்னது பொய் என்றாள். அத்தை, "நானும்தான்" என்று இடையில் இரண்டு தடவை சொன்னாள்.

பொடிசு அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சரியா மூடினேனா?"

"நல்லா மூடியிருந்தேடா. கொக்கி மாட்டித்தான் இருந்துச்சு. அதை எடுத்ததே நான்தான்" என்றாள் அம்மா.

"சத்தம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

பொடிசு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகுதான் அழுதாள், அம்மா மடியிலேயே விழுந்து. ஒரு வாரத்து அழுகை.

டீச்சர் அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தேம்மா" என்றாள். "எங்க கூடவே தேடினே."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றியது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் டீச்சர். சொன்னார்கள். "ஈர மண் போட்டிருக்காங்களா? தண்ணி தெளிக்கிறாங்களா? சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வச்சிருக்காங்களா?" அதையெல்லாம் அம்மா விசாரித்திருக்கவில்லை. "கொடுக்கறதா இருந்தாலும் சொல்லிக் கொடுத்திருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடுமுறை. வாடகைக் கார் பிடித்து எல்லோரும் கிளம்பினார்கள். கால் சரியில்லை, வீட்டில் இரு என்று அப்பா சொன்னதை அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிதிருத்தும் கடையில் கூட்டம். நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் உட்கார வைத்த ஒரு நாலு வயதுப் பையன் கழுத்துத் துணிக்குள் நெளிந்து கத்திக்கொண்டிருந்தான். முடிதிருத்துபவர் அம்மாவைக் கண்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"வாங்கம்மா. நானே சொல்லணும்னு இருந்தேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு." கண்ணாடிக்குக் கீழே இருந்த மீன் தொட்டியைக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று காய்ந்த மணல். அதன் நடுவில் இரண்டு ஓடுகள் அசையாமல் கிடந்தன. "ரெண்டு நாள் நல்லாத்தான் ஊருச்சுங்க. அப்புறம் உள்ள போனதுதான், வெளியவே வரல. செத்துப்போச்சோன்னு எனக்குச் சோறு இறங்கல. சுத்தமா இருக்கட்டும்னு நல்ல மணல்தான் போட்டேன். அதுங்களை எடுத்துப் போடவும் மனசு வரல."

டீச்சர் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஓட்டின் வாயைக் காகிதம் மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு மூடியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"சாகல. செத்தா நாறும். காய்ஞ்சு போனதால கதவைச் சாத்திக்கிச்சு. வெதுவெதுன்னு தண்ணி இருக்கா அங்கிள்?"

அவர் ஷேவிங் கிண்ணத்தைச் சோப்பு வாசனை போகும்வரை கழுவி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் விரலை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஓட்டின் வாய் மட்டும் நனையும்படி நத்தையைச் சாய்த்துப் பிடித்தாள். பொடிசு இன்னொரு கிண்ணத்தில் தலகாணியை அதே மாதிரி பிடித்துக்கொண்டாள். கடையில் காத்திருந்தவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். பலகை மேல் இருந்த பையன் கத்துவதை நிறுத்திவிட்டான்.

சவ்வு ஊறி ஓரம் விட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. பிறகு சதை மெல்லப் பிதுங்கி வந்தது. கடைசியாக ஒரு கொம்பு நீண்டு, நுனிக் கண் இப்படியும் அப்படியும் திரும்பியது.

"பார்க்குது!" என்றான் பையன், தலையை அசைக்காமல்.

முடிதிருத்துபவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். தலகாணி வெளியே வர இன்னும் நேரம் எடுத்தது. அது வருவதற்குள் பையனுக்கு முடி வெட்டி, காதோரம் எல்லாம் சீராக்கி, பவுடரும் போட்டு முடித்துவிட்டார்.

தலகாணி கொம்பை நீட்டியதும் பொடிசு அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் நின்றது அத்தை. "அத்தை, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. எனக்கு மூக்கு அரிக்குது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நத்தையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

அத்தை தோள்வரை விறைத்துப்போனாள். ஊன்றுகோல் ஒன்று சத்தத்தோடு கீழே விழுந்தது. நத்தை அவள் கட்டைவிரல் பக்கம் ஊர்ந்துபோய், தோலை ஏதோ சுரண்டிப் பார்த்தது.

"கடிக்குதுடி!"

"கடிக்கல அத்தை, ருசி பார்க்குது. அதான் அந்தப் பல்லு" என்றாள் டீச்சர். உண்மை தெரிந்த பிறகு அவள் அத்தையோடு பேசிய முதல் வார்த்தை அது.

அத்தை கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முதலில் அருவருப்போடுதான். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலை மேசையில் அச்சைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அரம் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள். "ஓட்டுல இங்க ஓரம் உடைஞ்சிருக்கே. வாளியில இடிச்சிருக்கும்."

"அதுவே வளர்த்துக்கும். முட்டை ஓட்டுத் தூள் கொடுக்கணும்."

"கொடுத்து வச்சது. என்கிட்ட வர்றவங்களுக்கு அந்த வசதி இல்ல."

நத்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் முடிதிருத்துபவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகளுடையது என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போகும்போது அவர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, லீவு நாளில் ஒரு மணி நேரம் கொண்டுவந்து வைக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாக டீச்சர் சொன்னாள். அந்த மாதத்திலேயே ஒருநாள் கொண்டுபோனாள். அவர் மேசையில் ஈரத்துணி விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

வீட்டில் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருந்தது. கட்டடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாவே உண்மையைச் சொன்னாள். வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். செடிக்காரம்மா மட்டும், "என் முட்டி தேய நான் தேடினேனே!" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பொடிசு அடுத்த நாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டு அத்தை-நத்தை பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். குழாயைத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பது நிற்க மட்டும் இன்னும் சில நாள் ஆனது.

அத்தை அதே அறையில்தான் இருந்தாள். தொட்டியும் அங்கேதான். மாவுக்கட்டு பிரித்து அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மா அவளோடு வாசல்வரை போனாள். இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று எதையோ பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். இப்போதெல்லாம் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டால் தம்பியோடு பேசுவதைவிட அம்மாவோடு பேசுவதுதான் அதிகம்.

டீச்சர்தான் நாள் எடுத்துக்கொண்டாள். மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. சொன்ன வேலையைச் செய்தாள். ஆனால் அம்மா எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்து, "நிஜமாவா?" என்பாள். பால் தீர்ந்துபோச்சு என்றால், "நிஜமாவா?" அப்பாவுக்கு இன்றைக்கு ராத்திரி வேலை என்றால், "நிஜமாவா?" ஊசி போட்டால் வலிக்காது என்று அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னபோதும், பின்னாலிருந்து அதே கேள்வி வந்தது.

அம்மா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கேட்கும்போதெல்லாம், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "நிஜம்தான்" என்று பதில் சொன்னாள். ஊசி விஷயத்தில் மட்டும், "கொஞ்சம் வலிக்கும்" என்று திருத்திக்கொண்டாள். பையன் அலறியடித்து ஓடிப்போனான்.

இப்படி எத்தனை மாதம் போனதோ. ஒருநாள் சாயங்காலம், "மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கிடக்கு" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. டீச்சர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அம்மா வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். வாணலியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் காய்ந்த பிறகுதான் உறைத்தது, அவள் திரும்பிக் கேட்கவில்லை என்று.